பத்தாம் வகுப்பு வரலாற்றுப் பாடங்கள்: வகுப்பறையில் நடத்திப் பார்த்த ஒருவரின் மதிப்பீடு

தமிழ்நாடு அரசின் பத்தாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தை, 2019-இல் அது புதிதாக வந்ததிலிருந்து நடத்தி வருகிறேன். சிவகங்கை மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் அதில் உண்டு. நான் சொல்லப்போவது வரலாற்றுப் பகுதியை மட்டும்.

வரலாற்றில் மொத்தம் பத்துப் பாடம். முதல் நான்கும் உலகப் போர்களும் அதற்குப் பிந்தைய உலகமும். ஐந்தாவதில்தான் நம் நாட்டுக்குள் வருகிறோம். ஆறாவது, ஆங்கிலேயருக்கு எதிராகத் தமிழகத்தில் நடந்த தொடக்ககாலக் கிளர்ச்சிகள். எனக்கு இந்தப் புத்தகம் பிடித்துப்போனதே அந்தப் பாடத்தால்தான்.

எங்கள் பிள்ளைகளுக்கு மருது சகோதரர்கள் புதியவர்கள் இல்லை. அக்டோபர் கடைசியில் குருபூஜை, காளையார்கோவிலுக்கு வண்டி வண்டியாகக் கூட்டம், வழியெல்லாம் போலீஸ் என்று சின்ன வயதிலிருந்தே பார்க்கிறார்கள். பேனரில் மீசையோடு நிற்கும் இருவரைத் தெரியும். 1801 ஜூனில் அவர்கள் திருச்சிராப்பள்ளியில் வெளியிட்ட அறிக்கையைத் தெரியாது. சாதி, மதம், ஊர் என்று பார்க்காமல் எல்லோரும் சேர்ந்து ஆங்கிலேயரை எதிர்க்க வேண்டும் என்று அழைத்த அறிக்கை அது. ஒரு பிரதி திருச்சிக் கோட்டையில் நவாபின் அரண்மனைச் சுவரில், இன்னொன்று ஸ்ரீரங்கம் கோயில் சுவரில்.

"போஸ்டர் ஒட்டுனாங்களா டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். ஆமாம்பா என்றேன். சரி, ஏன் அந்த இரண்டு சுவர் என்று திருப்பிக் கேட்டேன். அரண்மனைக்காரர்களும் பார்க்கணும், சாமி கும்பிட வருகிறவர்களும் பார்க்கணும் என்றான் ஒருவன். கோயில் சுவரில் இருந்தால் சட்டென்று யாரும் கிழிக்க மாட்டார்கள் என்றாள் இன்னொருத்தி. அன்றைக்குப் பாடம் அதைத் தாண்டிப் போகவில்லை.

அதே வருடம் அக்டோபர் 24 அன்று எங்கள் மாவட்டத்துத் திருப்பத்தூர்க் கோட்டையில் இருவரையும் தூக்கிலிட்டார்கள். அதை ஒட்டியே, அவர்களோடு போராடிய 73 பேர் பினாங்குக்கு (இன்றைய மலேசியாவில் இருக்கிறது) நாடு கடத்தப்பட்டதாக ஒரு வரி வருகிறது. முதல் வருடம் நான் அந்த வரியை வேகமாகக் கடந்துவிட்டேன். அடுத்த வருடம் ஒரு பெண் நிறுத்தினாள். அவளுடைய மாமா பினாங்கில் ஓட்டலில் வேலை பார்க்கிறார். சுவரில் ஆசிய வரைபடத்தை மாட்டினோம். கப்பல் புறப்பட்டது தூத்துக்குடியிலிருந்து, 1802-இல். அவள் விரலை அங்கே வைத்து, இலங்கையைச் சுற்றி, கடலைத் தாண்டி மெதுவாகக் கொண்டுபோனாள். "இவங்க வீட்டுல இருக்கவங்களுக்கு எப்ப டீச்சர் தெரிஞ்சிருக்கும்?" என்று கேட்டாள். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. பதினைந்து வயதில் அப்படியொரு கேள்வி வருகிறதென்றால், அந்த ஒரு வரியைச் சேர்த்த பாடநூல் குழுவுக்கு நான் நன்றி சொல்லியே ஆக வேண்டும்.

அதே பாடத்தில் 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியும் வருகிறது. சிப்பாய்களுக்கு ஆங்கிலேயர் போட்ட புது விதிகள்: புதிய தலைப்பாகை, அதில் வைத்த தோல் குஞ்சம், நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது. அவர்களுக்கு ஏன் கோபம் வந்தது என்று புத்தகம் பொறுமையாகச் சொல்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் கையில் இருக்கும் ஒரு கைடோ இதை ஐந்து பாயின்டாகச் சுருக்கி வைத்திருக்கிறது. அதை மனப்பாடம் செய்த பையனிடம், தோலை ஏன் எதிர்த்தார்கள் என்று கேட்டால் விழிக்கிறான். மிருகத்தின் தோல், இந்துவும் வேண்டாம் என்றான், முஸ்லிமும் வேண்டாம் என்றான் என்பதைப் புத்தகத்தில் படித்தவன் உடனே சொல்கிறான். பெற்றோரிடம் கெஞ்சிக் கேட்கிறேன், கைடுக்குக் கொடுக்கும் காசை மிச்சம் பிடியுங்கள். அரசுப் பள்ளியில் புத்தகம் இலவசம், இணையத்திலும் காசில்லாமல் கிடைக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. எட்டாவது பாடம் காந்திய காலகட்டம். அவர் 1915-இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியது முதல் 1947 வரை 32 வருடம், ஒரே பாடத்தில். சம்பாரண், ஒத்துழையாமை, தண்டி, வெள்ளையனே வெளியேறு என்று ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி நிற்கிறது. இதை இரண்டு பாடமாகப் பிரித்தே ஆக வேண்டும். பிள்ளைகள் வருடங்களைக் குழப்புவதும் இங்கேதான்.

அதற்கு நான் செய்வது, எட்டையும், தமிழ்நாட்டு விடுதலைப் போராட்டத்தைச் சொல்லும் ஒன்பதையும் சேர்த்து ஒரே காலக்கோடு. தேர்விலும் காலக்கோடு கேட்பார்கள், அதனால் நேரம் வீணாகாது. நான்கு சார்ட் பேப்பரை ஒட்டி, மேலே இந்தியா, கீழே தமிழ்நாடு. போன வருடம் எழுதிக்கொண்டிருந்த பையன் ஸ்கெட்ச் பேனாவோடு அப்படியே நின்றுவிட்டான். மேலே 1919 ஏப்ரல் 13, ஜாலியன்வாலாபாக். கீழே 1930 ஏப்ரல் 13, திருச்சியிலிருந்து ராஜாஜியின் வேதாரண்யம் உப்பு யாத்திரை. "ஒரே தேதி டீச்சர்!" அங்கே பஞ்சாபில் வைசாகித் திருநாள், இங்கே தமிழ்ப் புத்தாண்டு என்று நான் சொன்னதும், பின் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து பார்த்தார்கள். எட்டையும் ஒன்பதையும் தனித்தனியாக நடத்தியிருந்தால் இது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

புதிதாக இந்தப் பாடத்தை எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒன்று. ஆறாம் பாடத்துக்கு இரண்டு பீரியட் கூடுதலாக ஒதுக்குங்கள். ஆசிய வரைபடத்தை முன்கூட்டியே வாங்கி வையுங்கள், இந்திய வரைபடத்தில் பினாங்கு வராது.