பேட்டர்சன் டாங்கும் 120 ஃபிலிமில் விழும் கோடுகளும்

120 ஃபிலிமில் (காகிதத்தோடு சுருட்டி வரும் அகல ஃபிலிம்) கீறல் தெரிந்தால் முதல் திட்டு, அதை மருந்தில் கழுவும் டெவலப்பிங் டாங்குக்குத்தான். பேட்டர்சன் சூப்பர் சிஸ்டம் 4 என்ற டாங்க் வாங்கும் திட்டில் பாதி அநியாயம். ஃபிலிமைச் சுற்றி வைக்கும் இதன் பிளாஸ்டிக் ரீலில் ஃபிலிமின் இரண்டு ஓரங்கள் மட்டுமே பள்ளத்தில் உட்காருகின்றன. படம் உள்ள பகுதியை எதுவும் தொடுவதில்லை. ஆகவே ஃபிரேம்களுக்கு நடுவேயுள்ள இடைவெளியையும் விடாமல் சுருளின் முழு நீளத்துக்கும் ஓடும் நேர்கோடு இந்த டாங்கின் வேலையாக இருக்காது.

யார் வேலை என்று பார்க்க, நெகட்டிவை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். கேமராவுக்குள் ஃபிலிமின் பளபளப்பான முதுகைக் காகிதம் மூடியிருக்கும். உரசலுக்கு ஆளாவது மங்கலான எமல்ஷன் பக்கம், அதாவது படம் பதியும் வெள்ளிப் பூச்சு. கோடு அந்தப் பக்கம் என்றால் கேமரா உருளைகளில் மணலோ துருவோ இருக்கிறதா என்று தேடுங்கள். வெள்ளி பெயர்ந்த இடம் பிரிண்டில் கறுப்பாக வரும். முதுகில் விழுந்த கீறல் ஒளியைச் சிதறடித்து வெள்ளைக் கோடாகும். அதில் முதல் சந்தேகம் ஈர ஃபிலிமை வழிக்கும் ரப்பர் இடுக்கிமேல்தான். ரப்பரில் ஒட்டிய ஒரே ஒரு துகள் போதும். அந்த இடுக்கியை வாங்காமலிருப்பதே நல்லது. (முதுகுக் கீறலில் மூக்கோரத்து எண்ணெயை லேசாகத் தடவி மறைப்பது பழைய இருட்டறை வித்தை. எமல்ஷன் கீறலுக்கு அது பலிக்காது.) எடுத்து முடித்த சுருள் தளர்ந்திருந்தால் இழுத்து இறுக்காதீர்கள்; காகிதம் உரசிக் குட்டைக் கீறல்கள் விழும்.

டாங்கின் சொந்தக் குற்றங்கள் வேறு. முதலாவது பிறை வடிவக் குறி. பேட்டர்சன் ரீலின் நுழைவாய் குறுகல்; அகலமான, மெல்லிய 120 ஃபிலிமை அதில் இருட்டில் தடவிச் செருகும்போது மடிகிறது. மடிந்த இடம் நெகட்டிவில் கறுத்து, பிரிண்டில் வெளிர்பிறையாகத் தெரியும். முன்முனையின் இரண்டு மூலைகளையும் துளி வெட்டிவிடுங்கள். ஒட்டுநாடாவைக் காகிதத்திலிருந்து மெதுவாக உரியுங்கள், வேகமாக உரித்தால் நிலைமின்சாரப் பொறி பறக்கலாம். பாதியில் சிக்கினால் தள்ளாதீர்கள். பின்வாங்கி மறுபடி ஏற்றுங்கள். பள்ளம் தாண்டிய சுற்று அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொண்டால் அந்த இடத்தில் மருந்தே படாது.

சிக்குவதற்குக் காரணம் ஈரம். ரீல் காய்ந்த எலும்பு போலிருக்க வேண்டும். சேஞ்சிங் பேகில் (கைவிட்டு ஃபிலிம் ஏற்றும், வெளிச்சம் புகாத பை) வியர்த்த கையும் இதே தொல்லையைத் தரும். இன்னொரு காரணத்தைப் பலர் கவனிப்பதில்லை: காயும்போது நீர்த்தடம் விழாமலிருக்கக் கடைசியாக ஊற்றும் வெட்டிங் ஏஜென்ட். அது பிளாஸ்டிக்கில் படிந்து, அடுத்தடுத்த முறை பள்ளத்தையும் ஃபிலிமைப் பிடித்து உள்ளே நகர்த்தும் சிறு குண்டுகளையும் பிசுபிசுக்க வைக்கும். ஃபிலிமை ரீலிலிருந்து கழற்றி, தனிப் பாத்திரத்தில் 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீருக்கு 5 மில்லி கலந்து நனைத்துத் தொங்கவிடுங்கள். ஏற்கெனவே படிந்ததை வெந்நீரும் பழைய பல்துலக்கியும் எடுத்துவிடும்.

நெகட்டிவின் ஒரு ஓரம் முழுக்க வெளிறிய பட்டை விழுந்தால் ரீல் மருந்துக்கு மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒரு 120 ரீலுக்கு 500 மில்லி மருந்து என்று டாங்கின் அடியிலேயே அச்சிட்டிருக்கிறது. ஆனால் கவிழ்த்து நிமிர்த்தும்போது ரீல் நடுத்தண்டில் நழுவி மேலேறினால் அந்த அளவு போதாது. தண்டில் மாட்டும் பிடிவளையத்தை மறக்காதீர்கள். நடுத்தண்டையே மறந்தால் ஃபிலிம் முழுக்கப் புகைமூட்டம்தான், ஒளியைத் தடுப்பது அதுவும் டாங்கின் வாயில் பொருத்தும் புனலும் சேர்ந்துதான்.

நெகட்டிவில் தெளிவான சிறு வட்டங்கள், பிரிண்டில் கரும்புள்ளிகள்: காற்றுக்குமிழி. ஒவ்வொரு முறை குலுக்கியதும் அடியை மேசையில் ஓங்கித் தட்டினால் போய்விடும். டாங்கோடு வரும், ரீலைச் சுழற்றும் குச்சியை முதல் சில விநாடிகளோடு நிறுத்திக்கொள்ளலாம். ஒரே திசையில் சுற்றினால் வானம் போன்ற சமதளங்கள் திட்டுத்திட்டாகும். முதல் 10 விநாடியில் நான்கு கவிழ்ப்பு, பிறகு நிமிடத்துக்கு நான்கு என்பது தாராளம். மூடியின் நடுவை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூடாவிட்டால் கையெல்லாம் டெவலப்பர்.

டாங்க் வாங்கத் தக்கது. 120-க்கு மட்டும் வேண்டுமென்றால் அகலமான நுழைவாய் கொண்ட ஏபி (AP) என்ற பெயரில் வரும் ரீலைச் சேர்த்து வாங்குங்கள், இதே டாங்கில் பொருந்தும். ஒரே நாளில் இரண்டு சுருள் கழுவுபவருக்கு இரண்டு ரீல் அவசியம், ஈர ரீலைத் துணியால் துடைத்துச் சமாளிக்க முடியாது.