பாதிக்குப் பாதி என்று கையெழுத்துப் போடுவதற்கு முன்

யாங்கூனில் பழைய மரவீடும் அடிமனையும் வைத்திருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். உங்கள் வாசலுக்கும் கான்ட்ராக்டர் வந்திருப்பார். வராவிட்டால் இந்த மழைக்காலம் முடிந்ததும் வருவார்.

பஸுண்டாங் பக்கம் எங்களுக்கு 25 அடி அகலம், 50 அடி நீளத்தில் ஒரு மனை. அதில் தாத்தா கட்டிய மரவீடு. தெருமுனைத் தேநீர்க் கடை போய்க் கண்ணாடி போட்ட காப்பிக் கடை வந்த வருடத்திலிருந்து தெருவில் ஆள் மாற ஆரம்பித்தது. வாடகையை ஒரு வருடத்துக்கு மொத்தமாகக் கேட்டபோது கொடுக்க முடியாதவர்கள் நகர விளிம்பில் இருக்கும் டகோன் பக்கம் போனார்கள். எங்களிடம் வந்தவர் இனிக்க இனிக்கப் பேசினார். நிலம் எங்களுடையது, செலவு அவருடையது. கீழ்த்தளத்தோடு சேர்த்து எட்டு மாடி, ஆளுக்கு நான்கு வீடு. அப்பாவும் உடன்பிறந்தவர்களுமாக நான்கு பங்கு. கணக்குக் கச்சிதமாகப் பொருந்தியதுதான் வினை.

ஒப்பந்தம் பர்மிய மொழியில் ஏழு பக்கம். ஒரு வரி விடாமல் படித்தேன். சிமெண்டின் தரம் இருந்தது, கம்பியின் கனம் இருந்தது, தரை ஓட்டின் நிறம்கூட இருந்தது. எந்த மாடி யாருக்கு என்பது இல்லை. லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் கீழே விலை அதிகம், மேலே போகப் போகச் சரியும். கீழ் நான்கையும் அவர் எடுத்துக்கொண்டார். சண்டைக்குப் போன சித்தப்பாவிடம், "நான்குதானே பேசினோம், நான்கு கொடுத்துவிட்டேனே" என்றாராம்.

எழுபத்தொரு வயது அம்மாவுக்கு ஆறாவது மாடி. படியை டேப் வைத்து அளந்தேன். உயரம் ஒன்பது அங்குலம், கால் வைக்கும் இடமும் அதே ஒன்பது. இறங்கும்போது பாதம் முழுதாகப் பதியாது. அம்மா சுவரைப் பிடித்து, பக்கவாட்டாகத் திரும்பி, ஒவ்வொரு காலாக வைக்கிறார். 2025 மார்ச் 28 அன்று சகாயிங் நிலநடுக்கம் இங்கே லேசாகத்தான் ஆட்டியது. அவரைத் தெருவுக்குக் கொண்டுவரப் பதினோரு நிமிடம் ஆயிற்று. எட்டாவது மாடி அத்தை இறந்தபோது படித் திருப்பத்தில் பெட்டி திரும்பவில்லை. நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி நான்கு பேர் இறக்கினோம். பெட்டி கீழே தெருவில் காத்திருந்தது.

உள்ளே இரு பக்கமும் அடுத்த கட்டடச் சுவர். வெளிச்சம் முன்னாலும் பின்னாலும் மட்டும்தான். நடுவில் இரண்டு படுக்கையறைகள். ஒன்றுக்கு ஜன்னல் உண்டு, திறந்தால் மாடிப்படி தெரியும். மற்றதற்கு அதுவும் இல்லை. பகலிலும் விளக்கு வேண்டும். மின்சாரம் இங்கே இருக்கும் லட்சணம் உங்களுக்குத் தெரியும். அது போனால் மோட்டாரும் ஓடாது, மேல்தொட்டிக்குத் தண்ணீரும் ஏறாது. முகப்பு மேற்கு பார்த்த கண்ணாடி, அதற்கு மேலே ஒரு முழம் மறைப்புக்கூட இல்லை. ஜூன் மழை குறுக்கே அடிக்கும் என்பது இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும், வரைபடம் போட்டவரைத் தவிர.

1250 சதுர அடி என்று எழுதியதில் மாடிப்படியும் அடக்கம். உள்ளே அளந்தால் 970.

கட்டடம் முறைப்படி முடிந்தது என்று முனிசிபல் தரும் சான்றான பி.சி.சி. இன்னும் வரவில்லை, பின்சந்துச் சாக்கடைக்கு மேல் மூன்று அடி நீட்டிக் கட்டியிருக்கிறார். அடுக்குமாடி வீட்டு உரிமை பற்றிய 2016 காண்டோமினியம் சட்டம் கைகொடுக்குமா என்று வழக்கறிஞரிடம் போனேன். அது ஒரு ஏக்கராவது உள்ள மனைக்கு, உங்களுடையது உள்ளங்கை அகலம் என்று சிரித்தார்.

ஆகவே மாடி எண்ணை எழுத்தில் வாங்குங்கள். படியின் அளவு, ஒவ்வொரு அறைக்கும் வெளிக்காற்று, சுவருக்கு உள்ளே அளந்த சதுர அடி, பி.சி.சி. வரும்வரை அவருடைய பங்கில் ஒரு வீட்டையாவது விற்காமல் நிறுத்திவைக்க வேண்டும் என்ற நிபந்தனை, எல்லாமே எழுத்தில். கொத்தனாரையாவது கூட அழைத்துப் போய்ப் படத்தைக் காட்டுங்கள்.

அம்மா இப்போது இறங்குவதில்லை. வெள்ளிக்கிழமை காளி கோவிலும் நின்றுவிட்டது. மணி கட்டிய கயிற்றைத் தெருவுக்குத் தொங்கவிட்டிருக்கிறார். கீரைக்காரி அதை இழுத்தால் மேலே மணி அடிக்கும், கட்டு ஏறிவரும்.

போன வாரம் எதிர்மனை அக்கா ஒரு வரைபடத்தோடு வந்தார். அதே கான்ட்ராக்டர். தாளை மேசையில் விரித்து நடு அறையைத் தேடினேன். ஜன்னல் வரைந்திருந்தது. அது எங்கே திறக்கிறது என்று விரலை வைத்துப் பார்த்தேன். மாடிப்படிக்கு.