இரவில் படுக்கை நனைகிறதா: எழுப்பிவிடுவதா, டயப்பரா, அலாரமா, மாத்திரையா?

ஐந்து வயதுக் குழந்தைகளில் 100-க்குச் சுமார் 15 பேர் இரவில் படுக்கையை நனைக்கிறார்கள். எதுவுமே செய்யாமல் விட்டாலும் அவர்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தினருக்கு ஒவ்வோர் ஆண்டும் தானாகவே நின்றுவிடுகிறது. ஆகவே மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு ரப்பர் ஷீட்டும் பொறுமையும் போதும். ஆறு, ஏழு வயதாகி, பிள்ளையே கூச்சப்பட்டுப் பாட்டி வீட்டுக்கு வர மறுக்கும்போதுதான் எந்த வழி நல்லது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் காரணத்தைத் தெரிந்துகொள்வது அவசியம். இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் வாசோப்ரெசின் என்ற ஹார்மோன் சில பிள்ளைகளுக்குப் போதுமான அளவு சுரப்பதில்லை. சிலருக்குச் சிறுநீர்ப்பை கொஞ்சம்தான் பிடிக்கும். பை நிறைந்த பிறகும் தூக்கம் கலையாத பிள்ளைகள் இன்னும் பலர். இது பரம்பரையாகவும் வரும்: தாய், தகப்பன் இருவருக்கும் சிறு வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு உண்டு. "உங்கப்பனும் எட்டு வயசு வரைக்கும் பாயை நனைச்சவன்தான்" என்று பாட்டி சொன்னால், அது பிள்ளையின் காதிலும் விழட்டும், பெரிய ஆறுதல். அடிப்பதையும், சூடு போடுவேன் என்று மிரட்டுவதையும், அக்கம்பக்கத்தார் முன் சொல்லிக்காட்டுவதையும் இந்த ஒப்பீட்டில் ஒரு வழியாகச் சேர்க்கவே எனக்கு மனமில்லை. தூக்கத்தில் நடப்பதற்குத் தண்டனை கொடுத்தால் பயம் கூடும், படுக்கை காயாது.

நம் வீடுகளில் பெரும்பாலும் நடப்பது எழுப்பிவிடுவதுதான். பதினோரு மணிக்கு அம்மா படுக்கப் போகும் முன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய் ஒன்னுக்கு விட்டுவிட்டு வருவார். காசு செலவில்லை, அன்றைக்கு மெத்தையும் தப்பிக்கும். ஆனால் பை நிறைந்ததை உணர்ந்து பிள்ளை எழவில்லை. அம்மாவின் நேரத்துக்கு எழுப்பப்படுகிறது. பாதித் தூக்கத்தில் தோளில் சாய்ந்தபடியே போய் வரும் பிள்ளைக்குக் காலையில் அது நினைவிலும் இருக்காது. கல்யாண வீடு, ஊர்ப்பயணம் போன்ற நாட்களுக்கு இது கைகொடுக்கும். பல மாதம் செய்தால் பழகிவிடும் என்று நம்பி இருப்பது வீண்.

இழுத்து மாட்டும் டயப்பர் எதையும் குணப்படுத்தாது. ஆனால் தினமும் விடியற்காலையில் போர்வை துவைத்துவிட்டு வேலைக்கு ஓடும் தாய்க்கு அது தரும் நிம்மதியைச் சின்னதாக எண்ணக் கூடாது. பெரிய அளவு டயப்பர் விலை கூடுதல், நம் ஊர் வெயிலுக்குத் தொடை இடுக்கில் புண்ணும் வரும். இடையிடையே சில இரவுகள் கழற்றிவிட்டுப் பாருங்கள். சில பிள்ளைகள் காய்ந்தே எழுந்துவிடுகிறார்கள். பிள்ளைக்குப் பிடிக்காவிட்டால் கட்டாயப்படுத்த வேண்டாம்.

என் பார்வையில் நிலையான பலனுக்கு முதலிடம் அலாரத்துக்குத்தான். அமெரிக்காவின் மௌரர் தம்பதியர் 1938-இல் வெளியிட்ட முறையின் இன்றைய வடிவம் இது. உள்ளாடையில் ஒரு சிறிய உணரி. முதல் சொட்டு பட்டதும் மணி அடிக்கும். பை நிறைவதற்கும் விழிப்பதற்கும் உள்ள தொடர்பை மூளை மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிறது. விடாமல் பயன்படுத்தும் பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் கிடைக்கிறது. நிறுத்திய பிறகும் அந்தப் பலன் நிலைப்பது மாத்திரையைவிட அதிகம்.

இதில் பெரும்பாலோர் தோற்பது முதல் சில வாரங்களில்தான். மணி அடித்தால் வீடே எழும், பிள்ளை மட்டும் எழாது. அப்போது பெரியவர் ஒருவர் எழுந்து, பிள்ளையை முழுதாக விழிக்கவைத்து, தானே நடந்துபோய் மீதியைக் கழிப்பறையில் போகச் செய்ய வேண்டும், ஒவ்வொரு முறையும். நனையும் வட்டம் சிறிதாவதும், மணி அடிக்கும் நேரம் விடியலை நோக்கித் தள்ளிப்போவதும் நல்ல அறிகுறிகள். அவை தெரிந்தால் விட்டுவிடாதீர்கள். இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். தொடர்ந்து 14 இரவு நனையாமல் இருந்த பிறகே நிறுத்த வேண்டும். மீண்டும் தொடங்கினால் மீண்டும் மாட்டலாம். ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் வீட்டில், கைக்குழந்தையும் இருந்தால், இது உண்மையிலேயே கஷ்டம். அங்கே அப்பாவும் அம்மாவும் முறை வைத்து எழத் தயாரா என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள். இரவெல்லாம் ஒருவரே எழுந்தால் அந்தச் சலிப்பு கடைசியில் பிள்ளைமேல்தான் இறங்கும்.

டெஸ்மோப்ரெசின் மாத்திரை வாசோப்ரெசினைப் போலவே வேலை செய்து இரவுச் சிறுநீரைக் குறைக்கிறது. ஏற்றுக்கொள்ளும் பிள்ளைக்குச் சீக்கிரமே பலன் தெரியும். நிறுத்தினால் பலருக்குத் திரும்பிவிடும். பள்ளிச் சுற்றுலாவுக்கோ, அலாரத்துக்கு இடமில்லாத வீட்டுக்கோ இது நல்ல வழி. சுற்றுலாவுக்கென்றால் முன்கூட்டியே வீட்டில் கொடுத்துப் பார்த்திருக்க வேண்டும். மருத்துவர் சொல்லாமல் கடையில் வாங்கிக் கொடுக்கவே கூடாது. மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் பின்பு வரை தண்ணீரோ பாலோ பெரிதாகக் குடிக்கக் கூடாது. குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்புகூட வரலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் உள்ள நாளில் நிறுத்திவிட்டு மருத்துவரைக் கேளுங்கள். இமிப்ரமின் என்ற பழைய மாத்திரை அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் அதை வைத்திருக்கவே எனக்குப் பயம்.

எந்த வழியானாலும் பகலைச் சரிசெய்யாமல் இரவு சரியாகாது. பள்ளிக் கழிப்பறைக்குப் பயந்து பல பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. நாலு மணிக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் மொத்தத்தையும் குடிக்கிறார்கள். கேரளப் பள்ளிகளில் 2019-இல் தண்ணீர் குடிக்கவென்றே தனி மணி அடிக்கத் தொடங்கினார்கள். எங்கும் வர வேண்டிய வழக்கம் அது. மலச்சிக்கலையும் கவனியுங்கள். குடலில் தங்கிய மலம் சிறுநீர்ப்பையை நெருக்கும். அதைச் சரிசெய்ததுமே சில பிள்ளைகளுக்கு இரவுத் தொல்லை குறைகிறது. எள்ளுருண்டை கொடுத்தால் நிற்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். பிடித்தால் தின்னட்டும், அதை மருந்தென்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். பரிசு கொடுப்பதானால், படுக்கும் முன் மறக்காமல் ஒன்னுக்குப் போய்வந்ததற்குக் கொடுங்கள். நனையாத இரவுக்குப் பரிசு என்றால், நனைந்த பிள்ளைக்கு அது இன்னொரு தோல்வி.

பகலிலும் நனைந்தாலோ, சிறுநீர் போகும்போது எரிந்தாலோ, தினமும் பலமாகக் குறட்டை விட்டாலோ, இந்த நான்கையும் ஒதுக்கிவைத்துவிட்டு முதலில் குழந்தை மருத்துவரிடம் போங்கள். ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கினால் காரணம் தேட வேண்டும்: தம்பி, தங்கை பிறந்ததாக இருக்கலாம், வீட்டுச் சண்டையாக இருக்கலாம், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். கூடவே தண்ணீர்த் தாகம் அதிகமாகி உடம்பும் இளைத்தால் அன்றைக்கே சர்க்கரை பார்த்துவிடுங்கள், மறுநாளைக்குத் தள்ளாதீர்கள்.