1,780 வெள்ளி கொடுத்து வாங்கிய "மலேசியா செட்": பினாங்கில் கைப்பேசி வாங்கப் போகிறவர்கள் படியுங்கள்

1,780 வெள்ளி. தொகையை முதலிலேயே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அந்தக் கடையில் அதை "சின்ன விஷயம்" என்று சொல்லிச் சொல்லியே என் வயிற்றெரிச்சலைக் கிளப்பிவிட்டார்கள். முறுக்கும் அதிரசமும் சுட்டு விற்கிறவளுக்கு 1,780 வெள்ளி சின்ன விஷயமா? தீபாவளிக்கு வந்த ஆர்டர்களில் மாவு, எண்ணெய், எரிவாயு எல்லாம் போக மிஞ்சியது அவ்வளவுதான். அதைக் கொண்டுபோய் ஜோர்ஜ்டவுனில் மாடிக்கு மாடி கைப்பேசிக் கடைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு பழைய பேரங்காடியில், ஒரு சிறு கடையில் கொட்டிவிட்டு வந்திருக்கிறேன். கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகிறது, பெயரை அங்கே சொல்லிக்கொள்கிறேன். விலையையும் வசதிகளையும் எப்படி ஒப்பிட்டு வாங்குவது என்று கடைசியில் விரிவாக எழுதுகிறேன்.

ஒப்பிடாமல் ஓடிப்போய் வாங்கியவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆர்டர் எழுதும் நோட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டு மூன்று கைப்பேசிகளை வரிசைப்படுத்தினேன். தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 24 மாத ஒப்பந்தத்தில் எடுத்தால் கைப்பேசி மலிவாகத் தெரியும். மாதக் கட்டணத்தை 24 ஆல் பெருக்கினால் அந்த மலிவு காணாமல் போய்விடும், நடுவில் விலகினால் அபராதம் வேறு. அதனால் ஒப்பந்தமே இல்லாமல், எந்த நிறுவனத்தின் சிம் அட்டையையும் போடக்கூடிய செட்டாக, முழுப் பணம் கொடுத்து வாங்குவது என்று முடிவு செய்தேன்.

இணைய விற்பனைத் தளங்களின் கூத்து தனி. "9.90 வெள்ளி முதல்" என்று போட்டிருப்பார்கள், உள்ளே போனால் அந்த 9.90 கைப்பேசியின் உறைக்கு. "24 ஜிபி ரேம்" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதில் 12 தான் உண்மையான ரேம், மீதி 12 சேமிப்பிடத்திலிருந்து எடுத்துக் கணக்குக் காட்டுவது. பின்னால் நான்கு கேமரா என்பார்கள், அதில் ஒன்றிரண்டு 2 மெகாபிக்சல் ஒப்புக்குச் சப்பாணி. இதையெல்லாம் கண்டுபிடித்து நோட்டில் அடித்துத் திருத்தி வைத்திருந்தவள் நான்.

எனக்கு வேண்டியது தெளிவாக இருந்தது. பலகாரப் படங்களும் வாடிக்கையாளர்களின் குரல் செய்திகளும் நிறைந்து கிடப்பதால் 256 ஜிபி சேமிப்பிடம். 5,000 எம்ஏஎச்சுக்குக் குறையாத பேட்டரி. பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டித் தீவுக்குப் பலகாரம் கொண்டுபோகிறவள் என்பதால், சாலைக் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ அட்டையைக் கைப்பேசியில் ஒட்டிவைத்தே பணம் ஏற்ற உதவும் என்எஃப்சி வசதி. பிறகு 5ஜி. வெறும் 5ஜி என்று எழுதியிருந்தால் போதாது, இங்கே முதலில் அமைத்த 5ஜி வலையமைப்பு 700, 3500 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளில் ஓடுவதால் அவை இரண்டும் இருக்க வேண்டும் என்று தங்கை மகன் சொல்ல, அதையும் எழுதிக்கொண்டேன்.

எல்லாம் பொருந்திய ஒரு செட், 12 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பிடம், அதைத் தயாரிக்கும் நிறுவனத்தின் சொந்தக் கடையில் 2,199 வெள்ளி. அதே செட், அதே நிறம், அதே படம், இந்தச் சிறு கடையின் பலகையில் 1,780. வித்தியாசம் 419 வெள்ளி. ஏன் குறைவு என்று நான் கேட்காமல் இல்லை. "வாடகை குறைவு, மொத்தமாக எடுக்கிறோம்" என்றான் அங்கே நின்ற பையன். நல்ல தமிழ், நெற்றியில் கீற்றாகத் திருநீறு.

"இது மலேசியா செட்டா, ஏபி செட்டா?" என்று நேராகவே கேட்டேன். கைப்பேசி வாங்கப் போகிற எல்லோருக்கும் தெரிந்த கேள்விதான். மலேசியா செட் என்றால் நிறுவனமே இங்கே கொண்டுவந்து உத்தரவாதம் கொடுப்பது, ஏபி செட் என்றால் யாரோ வெளியிலிருந்து இறக்குமதி செய்வது, உத்தரவாதம் கடையோடு சரி. பையன் கொஞ்சமும் தயங்கவில்லை. "மலேசியா செட் அக்கா. நம் ஆட்களிடம் நான் பொய் சொல்வேனா?" என்றான். நான் பட்டர்வொர்த் என்றதும், தன் பாட்டி வீடும் அங்கே மாக் மண்டினில்தான் என்றான். பாட்டி மாக் மண்டினில் இருக்கிறாரா, இல்லை பையனுக்குப் பாட்டியே இருக்கிறாரா என்பது இப்போது எனக்குச் சந்தேகம்.

பெட்டியின் முத்திரை ஏற்கெனவே பிரிந்திருந்தது. அதையும் கேட்டேன். சிரிம் என்னும் தரச்சான்று ஒட்டுத்தாள் ஒட்டுவதற்காகத் திறந்தோம் என்றான். பெட்டிக்குள் இருந்த மின்னூட்டியில் நம் வீட்டுச் சுவரில் பொருந்தாத இரண்டு தட்டை முள். "இதற்கு அடாப்டர் இலவசம் அக்கா" என்று பையில் போட்டான். நான் அடுத்த கேள்வியைத் தொடங்குவதற்குள், கைப்பேசியை எடுத்து மொழியைத் தமிழுக்கு மாற்றி என் முன்னால் நீட்டினான். அமைப்புகள், தொடர்புகள், செய்திகள் என்று பளிச்சென்று தமிழ். "அம்மாவுக்குக் கூட நான்தான் இப்படி மாற்றிக் கொடுத்தேன்" என்றான். என் மனம் இளகியது அந்த இடத்தில்தான். என் சிம் அட்டையைப் போட்டு, வீட்டுக்கு அழைத்துப் பேசவும் வைத்தான். கியூஆர் குறியீட்டை வருடி 1,780 வெள்ளியைச் செலுத்தினேன். திரையில் வந்த கணக்கின் பெயர் கடைப் பலகையில் இருந்த பெயர் இல்லை. அது முதலாளியின் இன்னொரு நிறுவனம் என்றான். அதற்கும் பதில் தயாராக இருந்தது, பாருங்கள்.

வீட்டுக்கு வந்து வங்கிச் செயலியை ஏற்றினேன். திறக்கவில்லை. இந்தக் கருவி பாதுகாப்பானதல்ல என்று ஒரு வரியைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டது. 2022 இல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா சொன்னதிலிருந்து வங்கிகள் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒருமுறைக் குறியெண்ணை விட்டு விலகி, பதிவு செய்த ஒரே கைப்பேசியில் செயலி வழியாக ஒப்புதல் கொடுக்கச் சொல்கின்றன. செயலி இல்லையென்றால் ஒப்புதல் இல்லை. பிறை ஊரில் இருக்கும் உளுந்து மாவு வியாபாரிக்குப் பணம் அனுப்பவே என்னால் முடியவில்லை. பழைய கைப்பேசியோ பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்து கிடக்கிறது.

கடைக்குச் செய்தி அனுப்பினேன். "அப்டேட் வரும், காத்திருங்கள் அக்கா." காத்திருந்தேன். எந்த அப்டேட்டும் வரவில்லை. மறுபடி அனுப்பினேன், இரண்டு நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனேன். முதலாளி கோலாலம்பூரில். அடுத்த முறை முதலாளி சாப்பிடப் போயிருக்கிறார். அதற்கடுத்து, வங்கியின் கோளாறு, வங்கியைக் கேளுங்கள். அக்காவாக இருந்த நான் இதற்குள் "அந்த அம்மா" ஆகியிருந்தேன்.

நிறுவனத்தின் அதிகாரப்பூர்வப் பழுதுபார்ப்பு நிலையத்துக்குப் போன பிறகுதான் உண்மை தெரிந்தது. அங்கிருந்த மலாய்ப் பெண், ஒவ்வொரு கைப்பேசிக்கும் தனித்தனியாக இருக்கும் ஐஎம்இஐ எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, இது சீனச் சந்தைக்காகத் தயாரித்த செட், இங்கே உத்தரவாதம் இல்லை என்றார். சீனாவில் விற்கும் செட்டில் வரும் இயங்குதளத்தில் மொழி சீனம், ஆங்கிலம் என்று ஒரு சில தான். அதை அழித்துவிட்டு, வெளிநாடுகளுக்கான இயங்குதளத்தை யாரோ கையால் ஏற்றியிருக்கிறார்கள். அதற்காகத்தான் பெட்டியைப் பிரித்திருக்கிறார்கள், சிரிமுக்காக அல்ல. அப்படி ஏற்றுவதற்கு பூட்லோடர் என்னும் உள்பூட்டைத் திறக்க வேண்டும், திறந்து கிடக்கும் கருவியை வங்கிச் செயலிகள் நம்பாது. கைப்பேசியை அணைத்துப் போட்டுக் காட்டினார். தொடக்கத்தில் ஒரு நொடி, திரையில் திறந்த பூட்டுப் படம் ஒன்று தெரிந்தது. நானும் தினமும் பார்த்த படம்தான், அலங்காரம் என்று விட்டிருந்தேன். அந்தப் பையன் ஆசையாக மாற்றிக் கொடுத்த தமிழும் அந்தத் திருட்டு ஏற்றத்தின் தயவில் வந்ததுதான்!

இந்த விவரத்தை எல்லாம் கையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். இப்போது முதலாளி இருந்தார். கோபப்படவே இல்லை, சிரித்தார். "சின்ன விஷயம், பூட்டை மூடிவிட்டால் வங்கிச் செயலி ஓடும்" என்று மேல்மாடித் தொழில்நுட்பக்காரரிடம் கொடுத்தனுப்பினார். திரும்பி வந்தது கைப்பேசி இல்லை, செங்கல். இந்த இயங்குதளத்தை இந்தக் கருவியில் நிறுவ முடியாது என்ற ஒரு வரியோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் எதுவும் திறப்பதில்லை. சீனச் செட்டில் வேற்று இயங்குதளத்தை வைத்துக்கொண்டு பூட்டை மூடினால் இப்படித்தான் ஆகும் என்று பிறகு தங்கை மகன் சொன்னான். இந்தத் தொழிலிலேயே இருப்பவர்களுக்கு அது தெரியாதாம்!

அதன் பிறகு கேட்டவை: நீங்கள் ஏதோ அப்டேட் செய்திருப்பீர்கள். தண்ணீர் பட்டிருக்கும். 300 வெள்ளி கூடக் கொடுத்தால் வேறு செட் தருகிறோம். என் 1,780 வெள்ளியை விழுங்கிவிட்டு மேலும் 300! பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றதும், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று ரசீதின் அடியில் மலாயில் அச்சடித்திருந்த வரியை விரலால் தட்டிக் காட்டினார். அந்த ரசீதில் கைப்பேசியின் மாடல் எண் இல்லை, ஐஎம்இஐ இல்லை, "போன் 1" என்று மட்டும் கிறுக்கியிருக்கிறது. திருநீற்றுப் பையன் அந்த நேரம் முழுவதும் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தான்.

"மலிவுக்கு ஆசைப்பட்டால் இப்படித்தான்" என்று உறவில் சிலர் சொல்கிறார்கள். ஏபி செட் என்று சொல்லி ஏபி செட் விற்பவர்கள் அதே மாடியில் இருக்கிறார்கள், அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. சீனச் செட்டை மலேசியா செட் என்று விற்பது மலிவு வியாபாரம் இல்லை, பொய் வியாபாரம். 1999 ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது தரும் உரிமையை ரசீதில் ஒரு வரி அச்சடித்துப் பறித்துவிட முடியாது. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் மனுக் கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வழக்கறிஞர் தேவையில்லை. நான் கொடுக்கப் போகிறேன். வாட்ஸ்அப் உரையாடல், பணம் செலுத்திய பதிவு, பழுதுபார்ப்பு நிலையம் எழுதிக் கொடுத்த தாள் எல்லாம் தயார்.

விரிவாக எழுதுகிறேன் என்று சொன்னேன். எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது, அவசரத்துக்கு இவ்வளவுதான் வருகிறது. முத்திரை பிரிந்த பெட்டியை எந்தக் காரணம் சொன்னாலும் வாங்காதீர்கள். *#06# போட்டு வரும் ஐஎம்இஐ எண்ணும் பெட்டியில் இருக்கும் எண்ணும் ஒன்றா பாருங்கள், அந்த எண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள், "மலேசியா செட்" என்பதையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள். மின்னூட்டியில் மூன்று முள் இருக்கிறதா பாருங்கள். கடையில் நிற்கும்போதே கைப்பேசியை அணைத்துப் போட்டுப் பூட்டுப் படம் வருகிறதா பாருங்கள், வங்கிச் செயலியை அங்கேயே ஏற்றித் திறந்து பாருங்கள், பிறகு பணம் கொடுங்கள். கணக்கின் பெயர் வேறாக இருந்தால் கொடுக்காதீர்கள். விலையை ஒப்பிடும்போது மலேசியா செட்டை மலேசியா செட்டோடு மட்டும் வையுங்கள். இணையத்தில் யாருக்காவது பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் அது வேறு கதை, உடனே மோசடிப் புகாருக்கான 997 க்கு அழையுங்கள்.

இதே பேரங்காடியில் இதே மாதிரிச் செட் வாங்கியவர்கள் இருந்தால் ரசீதைத் தூக்கி எறியாதீர்கள். தனிச்செய்தி அனுப்புங்கள். கடை எது என்று அங்கே சொல்கிறேன். அதே கடையாக இருந்தால் நீங்களும் தனியாக ஒரு மனுக் கொடுங்கள், வாங்கி மூன்று ஆண்டுக்குள் என்றால் கொடுக்கலாம். இப்போதைக்கு என் மைத்துனரின் பழைய கைப்பேசியில்தான் ஆர்டர் எடுக்கிறேன், பதில் தாமதமானால் பொறுத்துக்கொள்ளுங்கள்.