ஒன்வே டிராப் டாக்சி: 7,200 ரூபாய்ப் பயணத்துக்கு 9,500 தண்டம் அழுத கதை

பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம் அம்மாவைத் தாம்பரத்திலிருந்து மதுரைக்குக் கூட்டிப்போக ஒன்வே டிராப் டாக்சி ஒன்று பிடித்தேன். பேசின கணக்குப்படி டோல் எல்லாம் சேர்த்து 7,200 ரூபாயில் முடிந்திருக்க வேண்டும், கையைவிட்டுப் போனது 9,500. பணம் கூடப் போகட்டும், இடுப்பில் பிளேட் வைத்த எழுபது வயது அம்மாவை ராத்திரி ஒரு மணிக்கு வாக்கரோடு காஸ் பங்க்கில் இறங்கி நிற்க வைத்தார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. இந்த மாதிரி வண்டி பிடித்து ஊருக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள், அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் தப்பையும் சேர்த்துத்தான்.

அம்மா தீபாவளிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்து, ஆபரேஷன் ஆகி, மூன்று மாதம் இங்கேயே இருந்தார். "என் வீட்டுல போய்ப் படுத்தாத்தான்டா எனக்குத் தூக்கம் வரும்" என்று ஒரே பிடிவாதம். பஸ் பெர்த்தில் ஏற்ற முடியாது, ரயிலில் அந்த வாரம் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட். போனில் தேடினால் முதல் பக்கம் முழுக்க ஒரே மாதிரி விளம்பரம், கிலோமீட்டர் 13 ரூபாய், 14 ரூபாய், "போகும் தூரத்துக்கு மட்டும் கட்டணம்". அதில் ஒன்றைக் கூப்பிட்டேன். (பெயர் போடவில்லை. போட்டும் பிரயோஜனமில்லை, ஏன் என்று கடைசியில் தெரியும்.)

எடுத்தவர் ரொம்ப மரியாதையாகப் பேசினார். செடான் வண்டி, கிலோமீட்டர் 14, தாம்பரத்திலிருந்து மதுரை 440 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா 400, டோல் எட்டு இடத்தில் சுமார் 650 வரும் என்றார். நான் மனக்கணக்குப் போட்டேன், 6,160, பேட்டாவும் டோலும் சேர்த்தால் 7,210. அட்வான்ஸ் 1,000 போடச் சொன்னார், உடனே யூபிஐயில் போட்டேன். இதுதான் முதல் கோட்டை விட்டது. வண்டி நம்பர் கேட்டதற்கு "சாயங்காலம் டிரைவர் டீடெய்ல்ஸ் மெசேஜ்ல வந்துடும் சார்" என்றார். எழுத்தில் எனக்கு வந்தது ஊர் பெயர், தேதி, நேரம், 14 ரூபாய், அவ்வளவுதான். பேட்டாவும் இல்லை, அட்வான்ஸ் வாங்கினதும் இல்லை.

ராத்திரி ஒன்பது மணிக்கு வர வேண்டிய வண்டி பத்தே காலுக்கு வந்தது. மெசேஜில் வந்த நம்பர் வேறு, வாசலில் நின்ற நம்பர் வேறு. மஞ்சள் போர்டு, அதாவது வாடகை பெர்மிட் வண்டிதான், அதில் குறை சொல்ல மாட்டேன். டிக்கியைத் திறந்தால் பாதிக்கு மேல் சிஎன்ஜி சிலிண்டர். அம்மாவின் வாக்கர், மடக்கு நாற்காலி, இரண்டு சூட்கேஸ், சித்தி கொண்டுவந்த பை, எதுவும் உள்ளே போகவில்லை. எல்லாவற்றையும் மேலே கேரியரில் கட்டினார்கள். அப்போது டிரைவர் காசு எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இதில் என் பங்கும் உண்டு, மூன்று பேர் என்று சொல்லிவிட்டுக் கடைசி நேரத்தில் சித்தியையும் ஏற்றிக்கொண்டேன், சாமான் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாலு பேருக்குச் சட்டப்படி இடம் இருக்கிறது என்பது வேறு விஷயம், முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

பரனூர் டோலில் மற்ற வண்டிகள் எல்லாம் சர்சர் என்று போக எங்கள் வண்டி மட்டும் நின்றது. "ஃபாஸ்டேக் பிளாக்லிஸ்ட் ஆயிடுச்சு சார், ஓனர் ரீசார்ஜ் போடலை" என்றார். 2021 பிப்ரவரியிலிருந்து ஒழுங்கான ஃபாஸ்டேக் இல்லாத வண்டிக்கு இரட்டிப்புக் கட்டணம், இது எல்லோருக்கும் தெரியும். 2025 நவம்பர் 15-லிருந்து அதில் ஒரு சலுகை வந்தது, ரொக்கமாகக் கட்டினால்தான் இரண்டு மடங்கு, யூபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு. இது எனக்கு அப்போது தெரியாது. ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி என்று ஒவ்வொரு டோலிலும் அவர் இறங்கிப் பேசிவிட்டு வந்தார், நான் முன்சீட்டில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன்.

நடுவில்தான் அந்த காஸ் கதை. விக்கிரவாண்டி தாண்டி டீ குடித்துவிட்டுக் கிளம்பினதும் "காஸ் போடணும் சார், பக்கத்துலதான்" என்று மெயின் ரோட்டை விட்டு எங்கேயோ திருப்பினார். போகப் போகப் பங்க்கே வரவில்லை. வந்தபோது முன்னால் ஏழு வண்டி வரிசை. சிஎன்ஜி நிரப்பும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது, அது பாதுகாப்பு விதி, பங்க்காரர் சொன்னது சரிதான். ஆனால் ஆபரேஷன் ஆன வயசாளி வருகிறார் என்று சொல்லி எடுத்த வண்டியில் காஸை நிரப்பிக்கொண்டு வீட்டு வாசலுக்கு வர வேண்டியது யார் பொறுப்பு? கேரியரிலிருந்து வாக்கரை அவிழ்த்து, அம்மாவை மெதுவாக இறக்கி, பனியில் அரை மணி நேரம் நிறுத்தி, மறுபடி ஏற்றி... அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "தம்பி, நீ சாப்பிட்டியாப்பா?" என்று டிரைவரைக் கேட்டார்.

அவர் சாப்பிடவில்லை. தூங்கவும் இல்லை. அன்று காலையில்தான் பெங்களூரிலிருந்து ஒரு டிரிப் முடித்து வந்தாராம். இதை அவர் சொன்னது உளுந்தூர்பேட்டை தாண்டி, வண்டி ஒருமுறை இடப்பக்கம் லேசாக இழுத்த பிறகு. எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அதற்கப்புறம் பெரம்பலூர் வரை வாய் ஓயாமல் அவரோடு பேசிக்கொண்டே வந்தேன், பாடாலூரில் ஓரம் கட்டி ஒரு மணி நேரம் தூங்க வைத்தேன். எழுந்து டீ குடித்தபோதுதான் இந்தத் தொழிலின் உள்விஷயம் வெளியே வந்தது.

நான் பேசின "ஆபிஸ்" ஆபிஸே இல்லை. அவர்களிடம் ஒரு வண்டிகூடக் கிடையாது. ஒரு வெப்சைட்டும் இரண்டு போன் நம்பரும் மட்டும். நாம் புக் பண்ணினதும் அந்த டிரிப்பை வாட்ஸ்அப் குரூப்பில் போடுவார்கள், கமிஷன் கட்டுகிற டிரைவருக்கு டிரிப். சில நேரம் ஒரு குரூப்பில் வாங்கினவர் இன்னொரு குரூப்பில் விற்பார். என் டிரிப் அப்படி இரண்டு கை மாறி வந்திருக்கிறது. "நான் 800 கட்டி இந்த டிரிப்பை எடுத்தேண்ணே. நீங்க அட்வான்ஸ் கொடுத்ததே எனக்குத் தெரியாது" என்றார். அதாவது என்னுடைய 1,000 முதல் ஆளோடு நின்றுவிட்டது. அதோடு ஒன்வே கணக்கே திரும்பி வருகிறபோது வேறு சவாரி கிடைக்கும் என்ற நம்பிக்கையில் போட்டது. மதுரையில் சவாரி கிடைக்காவிட்டால் 440 கிலோமீட்டர் காலி வண்டி. இந்த ஓட்டையெல்லாம் எங்கே அடைபடும்? நம்முடைய பில்லில்தான்.

காலை எட்டரைக்கு வீட்டு வாசலில் பில் சொன்னார். கிலோமீட்டர் 486. நாற்பத்தாறு எப்படிக் கூடியது என்றால், மீட்டர் அம்பத்தூரில் அவர் வண்டி எடுத்த இடத்திலிருந்து ஓடியிருக்கிறது, காஸ் போடப் போன சுற்றும் அதில் சேர்த்தி. பேட்டா 400 இல்லையாம், ராத்திரி ஓட்டினதால் 600. கேரியருக்கு 300. டோல் 1,460, அதில் அம்பத்தூரிலிருந்து வருகிற வழியில் இருக்கிற வானகரம் டோலும் அடக்கம். மொத்தம் 9,164. அட்வான்ஸ் கழிக்கவே இல்லை. ஆபிஸ் நம்பருக்கு அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். தெருவில் நின்று சத்தம் போட்டேன், அவரும் போட்டார், அம்மா உள்ளே இருந்து "விடுடா, அந்தப் பையன் ராத்திரி பூரா கண்ணு முழிச்சிருக்கான்" என்றார். கடைசியில் 8,500 கொடுத்தேன். அட்வான்ஸோடு 9,500.

மறுநாள் அவர் கொடுத்த டோல் ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்பது டோலுக்கு மூன்று ரசீதுதான் இருந்தது. அந்த மூன்றும் யூபிஐயில் கட்டினது, ஒன்றேகால் மடங்கு. என்னிடம் வாங்கினதோ எல்லாவற்றுக்கும் இரண்டு மடங்குக் கணக்கு. அதுவரை அந்த டிரைவர் மேல் எனக்கு இருந்த பரிதாபம் பாதி குறைந்துவிட்டது. பாதிதான். ஓனர் ஃபாஸ்டேக்கில் பணம் போடாததற்கு அபராதத்தை நான் ஏன் கட்ட வேண்டும் என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டியவன் நான்.

நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன். பொறுமையாகக் கேட்டுப் பதிந்துகொண்டார்கள், நிறுவனத்தின் முகவரி கேட்டார்கள். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வெப்சைட்டில் "சென்னை" என்று மட்டும் இருக்கிறது, தெரு இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை. இரண்டு வாரத்தில் அதே படம், அதே வாசகம், வேறு பெயரில் இன்னொரு தளம் முளைத்தாயிற்று. பெயர் போட்டுப் பிரயோஜனமில்லை என்று சொன்னது இதனால்தான். ஆட்டோவுக்காவது 2013-ல் அரசு போட்ட ரேட் என்று ஒன்று இருக்கிறது, முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அப்புறம் கிலோமீட்டருக்கு 12. யாரும் அதற்கு ஓட்டுவதில்லை, ஆனாலும் சண்டை போட ஒரு எண் இருக்கிறது. இந்த டிராப் டாக்சியில் பேசினதுதான் ரேட், பேசினது எழுத்தில் இல்லையென்றால் அதுவும் இல்லை.

அதனால் பிடிப்பதாக இருந்தால், வண்டி வாசலுக்கு வரும் முன் அட்வான்ஸ் என்று பெரிய தொகை போடாதீர்கள். அதை வாங்கிக்கொண்டு டிரிப்பை வேறு யாருக்காவது விற்றுவிடுகிறார்கள், நம் பணம் அவர்களோடு நின்றுவிடுகிறது. "உங்க சொந்த வண்டியா, வெளி வண்டியா" என்று நேராகக் கேளுங்கள், இழுத்தால் போனை வைத்துவிடுங்கள். கிலோமீட்டர் எங்கிருந்து தொடங்கும், பேட்டா எவ்வளவு, டோல் ஃபாஸ்டேக் கணக்குப்படி மட்டும், கேரியர் உண்டா இல்லையா, இது நாலும் மெசேஜில் வர வேண்டும். இறங்குமிடம் என்று ஊர் பெயரைப் போடாமல் தெருப் பெயரோடு எழுதுங்கள், மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு "மதுரை வந்தாச்சு" என்று சொன்ன கதையும் என் மச்சானுக்கு நடந்திருக்கிறது. வண்டி நம்பர் வந்ததும் அரசாங்கத்தின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் இன்சூரன்சும் எஃப்சியும் (வண்டியின் தகுதிச் சான்று) எந்தத் தேதி வரை என்று காட்டும். வெள்ளை போர்டு, அதாவது ஓன் போர்டு வண்டி அனுப்பினால் ஏறவே வேண்டாம், வாடகைக்கு ஓட்ட அதற்கு பெர்மிட் கிடையாது, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரன் கையை விரிக்க அது ஒன்றே போதும். வாசலில் வைத்து மீட்டரை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், டிரைவர் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும். வயசானவர்கள் வந்தால் சிஎன்ஜி வண்டியா என்று கேட்டு, நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது தூங்கினார் என்றும் கேளுங்கள். எனக்கு இது கேட்கத் தோன்றவே இல்லை, யோசித்தால் இப்போதும் கை உதறுகிறது.

நம் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. ஆள் எத்தனை, சாமான் எவ்வளவு என்று உண்மையைச் சொல்ல வேண்டும். டாக்சியில் 80-க்கு மேல் போகாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கும், "மிதிங்க, மிதிங்க" என்று பின்னாலிருந்து விரட்டுவதில் அர்த்தமில்லை. நாம் சாப்பிட நிறுத்துகிற இடத்தில் அவரும் சாப்பிட்டாரா என்று ஒரு வார்த்தை கேட்கலாம், அம்மாவுக்குத் தோன்றினது எனக்குத் தோன்றவில்லை.

போன வாரம் அந்த டிரைவரே கூப்பிட்டார். "அண்ணே, அடுத்த தடவை நேரா எனக்கே அடிங்க, கமிஷன் இல்லாம 13 ரூபாய்க்கு வரேன், காஸ் ஃபுல்லா போட்டுட்டு வரேன்" என்றார். டோல் ரசீதைப் பற்றிக் கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார். அம்மாவை அடுத்த செக்கப்புக்கு இங்கே கூட்டிவர வேண்டும். வைகையில் டிக்கெட் போட்டாயிற்று, பகல் ரயில், தாம்பரத்திலேயே இறங்கிக்கொள்ளலாம்.