நிறுத்திய லாரியில் ஏசி: போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்

கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் கம்பெனிகளில் ட்ரம் ஏற்றி சென்னை துறைமுகத்துக்கு ஓட்டுகிறேன். ஓட்டுவது சிரமமில்லை, கேட்டுக்கு வெளியே லைனில் கிடக்கும் இரவுதான் நரகம். சீசனே கோடையில்தான். 2025 அக்டோபரிலிருந்து தயாராகும் லாரிகளில் கேபின் ஏசி கட்டாயம். சரி, ஆனால் அந்த ஏசி இன்ஜின் ஓடினால்தான் ஓடும். ராத்திரி முழுக்க ஓடவிட்டால் டீசலுக்கு யார் அழுவது?

அதனால் கூரையில் 24 வோல்ட் பார்க்கிங் ஏசியும், அதற்கென்று 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரியும் மாட்டினேன். பேட்டரிதான் ஏசியைவிட விலை. மீட்டரில் 30 ஆம்பியர் காட்டுகிறது. பத்து மணிக்குப் போட்டால் விடியக்காலை நாலு, நாலரை வரை வரும். அப்புறம் தானாகவே கட் ஆகிவிடும். தூக்கத்துக்கு அது போதும். திரும்பி வரும்போது டைனமோவிலேயே சார்ஜ் ஏறிவிடுகிறது.

ஓசூரில் வேலை பார்க்கும் அக்கா மகன், "மாமா, ஃபியூயல் செல் வெச்சிருக்கலாமே, சத்தமே வராது" என்றான். விசாரித்தேன். எரிபொருளை எரிக்காமலே அதிலிருந்து கரண்ட் எடுக்கும் கருவிதான் ஃபியூயல் செல். ஜெர்மனிக்காரர்களின் எஃபாய் என்ற ஃபியூயல் செல் மெத்தனாலில் ஓடுகிறது. பத்து லிட்டர் கேனில் 11 யூனிட் கரண்ட் வருமாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எஃபாய் 150 மாடல் தருவது 75 வாட். நாள் பூராவும் ஓடினாலும் 1.8 யூனிட். என் ஏசிக்கு அது இரண்டேகால் மணி நேரச் சாப்பாடு. லைட், ஃபேன், செல்போனுக்கு என்றால் தாராளம். டீசலிலேயே ஓடும் ரகத்தை அமெரிக்காவில் டெல்ஃபி கம்பெனி லாரிக்கென்று செய்து பார்த்தது. அது 700 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யும். மெத்தனாலோ விஷம். 2024 கள்ளக்குறிச்சி கள்ளச்சாராயச் சாவுகளுக்குக் காரணமே அதுதான். அதற்கு அப்புறம் அந்தக் கேனோடு செக்போஸ்டில் நின்று, "சார், இது கரண்டுக்கு" என்று சொல்லிப் பாருங்கள்!

மாட்டிய கடையைப் பற்றி: கூரையை அளந்து சுத்தமாக வெட்டினார்கள். ஆனால் ஃபியூஸை ஏசி பக்கம் வைத்துவிட்டார்கள். வயர் நடுவில் உரசி ஷார்ட் ஆனால் அது எதற்கு? பேட்டரி பக்கத்திலேயே இருக்க வேண்டும். சைலன்சரை ஒட்டி வந்த வயரையும் சண்டை போட்டுத்தான் மாற்ற வைத்தேன். முதல் மழையில் படுக்கையில் தண்ணீர் சொட்டியது. மறுபடி சிலிகான் அடித்துத் தருகிறோம் என்றவர்கள் இன்னும் நாள் சொல்லவில்லை.