கட்டுமான இயந்திர இதழ்கள்: பல வருடம் சந்தா கட்டிப் படித்த அனுபவம்

எக்ஸ்கவேட்டர், டோசர், கிரேன் என்று எதைப் பார்த்தாலும் வந்த வேலையை மறந்து நின்றுவிடுகிற ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த இயந்திரங்களைப் பற்றி வரும் இதழ்களை நீண்ட காலமாகப் படித்து வருகிறேன். சிலவற்றுக்குச் சந்தா இன்னும் ஓடுகிறது, சிலவற்றை நிறுத்திவிட்டேன். எதை வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் வண்டி ஓட்டுகிறவரா, மாடல் சேகரிக்கிறவரா, பழைய இயந்திரங்களின் வரலாற்றைத் தேடுகிறவரா? மூன்று பேருக்கும் ஒரே இதழ் ஒத்துவராது. ஆனால் எழுதியவர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாரா இல்லையா என்பதை மூன்று பேரும் முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

தொழில்துறைக்காக வரும் இதழ்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 1917இல் இரண்டு பழைய இதழ்கள் இணைந்து உருவான எஞ்ஜினியரிங் நியூஸ் ரெக்கார்டு, உலகின் 50 பெரிய தயாரிப்பாளர்களை வருடா வருடம் விற்பனை வாரியாக வரிசைப்படுத்தி 'எல்லோ டேபிள்' வெளியிடும் இன்டர்நேஷனல் கன்ஸ்ட்ரக்‌ஷன் போன்றவை இந்த வகை. எந்த நிறுவனம் யாரை வாங்கியது, எந்தத் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இவை போதும். இயந்திரத்தையே பார்க்க வருகிறவனுக்கு இவற்றில் பக்கங்கள் குறைவு. அதில் குறை சொல்லவும் ஒன்றுமில்லை, அவை வாங்குகிறவர்களுக்காக எழுதப்படுபவை.

எனக்கு எரிச்சல் வருவது, ஆர்வலருக்கென்று சொல்லிக்கொண்டு தயாரிப்பாளர் அனுப்பிய செய்திக்குறிப்பை அப்படியே போடும் இதழ்களைப் பார்க்கும்போதுதான். ஒரே மாதத்தில் மூன்று இதழ்களை எடுத்து வைத்துப் பாருங்கள், புதிய வீல் லோடரை (முன்னால் பக்கெட் வைத்த சக்கர வண்டி) பற்றிய அதே வாக்கியம், அதே படம் மூன்றிலும் இருக்கும். படத்தில் பக்கெட் பற்களில் பெயின்ட் ஒரு கீறல்கூட விழாமல் மினுங்கும், டயரில் மண் இருக்காது, கேபின் கண்ணாடிக்குள் ஆள் இருக்கமாட்டார். அந்த வண்டி இன்னும் ஒரு வாளி மண்ணைக்கூட அள்ளவில்லை, அதற்குள் "எரிபொருள் சிக்கனம் அபாரம்" என்று தலைப்பு. அப்படி வந்த ஓர் இதழை நிறுத்தியபோது எனக்குத் துளி வருத்தமும் இல்லை.

சரி, நல்ல கட்டுரை எப்படி இருக்கும்? ஆபரேட்டர் பேசவேண்டும். எக்ஸ்கவேட்டரில் கேபின் இடதுபக்கம், பக்கெட்டைத் தூக்கும் பெரிய கையான பூம் அதன் வலதுபக்கம், அதனால் வலது முன்மூலையை பூம் மறைத்துவிடும். கேமரா வைத்திருக்கிறார்களா, கண்ணாடி எங்கே இருக்கிறது, அந்த மூலையில் நிற்கும் ஆள் தெரிகிறாரா என்று எழுதினால் அந்தக் கட்டுரையை நான் கடைசி வரை படிப்பேன். அடுத்தது பூமைத் தூக்குவதும் மேல்பகுதியைத் திருப்புவதும் ஒரே நேரத்தில் நடக்கும்போது வண்டி எப்படி நடந்துகொள்கிறது என்பது. டம்பரில் மண் ஏற்றும்போது ஆபரேட்டர் நாள் முழுக்கச் செய்வது இதைத்தான். பம்ப் தரும் ஹைட்ராலிக் ஆயில் இரண்டுக்கும் பங்கு போடப்படும். திரும்பும் வேகத்துக்கு அதிகமாகவும் தூக்குவதற்குக் குறைவாகவும் போனால், பக்கெட் போதிய உயரத்துக்கு வருவதற்கு முன்பே டம்பரின் பக்கவாட்டுக்குப் போய்விடும், ஆபரேட்டர் லிவரைப் பாதியில் நிறுத்தி நிறுத்தி வேலை செய்யவேண்டியதுதான். இதை ஒரு வரியில் சொல்லிவிடும் நிருபர் அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார், இல்லாவிட்டால் உட்கார்ந்தவரிடம் நன்றாகக் கேட்டிருக்கிறார். பிரிட்டனிலிருந்து வரும் எர்த்மூவர்ஸ் எனக்குப் பிடித்ததற்குக் காரணம் இதுதான், சேறும் தூசியுமாக வேலைத்தளத்தில் ஓடுகிற வண்டியை அங்கேயே போய்ப் பார்த்து எழுதும் பழக்கம் அதில் இருக்கிறது.

எண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஆர்வலர்கள் அதிகம் சண்டை போடுவது இதில்தான். பக்கெட் கொள்ளளவு 1.2 கன மீட்டர் என்று ஓர் இதழ் போடும், அதே பக்கெட்டுக்கு இன்னொன்று குறைவாகப் போடும். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஐஎஸ்ஓ 7451 என்ற சர்வதேசத் தர முறையில் எக்ஸ்கவேட்டர் பக்கெட்டின் மேலே குவியும் மண்ணை 1:1 சரிவில், அதாவது 45 பாகை கோணத்தில் கணக்கிடுகிறார்கள். ஐரோப்பியத் தயாரிப்பாளர் சங்கத்தின் சிஇசிஇ முறையில் 2:1 சரிவு, அதாவது இரண்டு பங்கு அகலத்துக்கு ஒரு பங்கு உயரம், அதனால் குவியல் தாழ்ந்துவிடும், எண்ணும் குறையும். வீல் லோடருக்கு ஐஎஸ்ஓ 7546 தனி, அதில் சரிவு 2:1. எந்த முறை என்று சொல்லாமல் இரண்டு நிறுவனங்களின் பக்கெட்டைப் பக்கத்தில் வைத்து அட்டவணை போட்டால் அந்த அட்டவணையால் ஒரு பயனும் இல்லை. தூக்கும் திறனும் அப்படியே. ஐஎஸ்ஓ 10567 படி, வண்டி கவிழும் எடையில் 75 சதவீதம் அல்லது ஹைட்ராலிக் திறனில் 87 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதைத்தான் அட்டவணையில் போடவேண்டும். இந்த மாதிரிச் சின்ன எழுத்துக் குறிப்பை அட்டவணைக்குக் கீழே சேர்க்கிற ஆசிரியருக்கு நான் மானசீகமாகக் கைகொடுப்பேன். என்ஜின் சக்தியில் கிராஸ் (என்ஜின் மொத்தமாகத் தருவது), நெட் (ஃபேன் போன்ற துணைப் பாகங்கள் இழுப்பது போக மிஞ்சுவது) என்று பிரித்துப் போடுகிறார்களா என்றும் பாருங்கள்.

பழைய இயந்திரப் பிரியர்களின் உலகம் வேறு. அமெரிக்காவில் ஒஹையோவின் பௌலிங் கிரீனில் அருங்காட்சியகம் வைத்திருக்கும் ஹிஸ்டாரிக்கல் கன்ஸ்ட்ரக்‌ஷன் எக்யூப்மென்ட் அசோசியேஷன் என்ற சங்கம் எக்யூப்மென்ட் எக்கோஸ் என்ற காலாண்டிதழை நடத்துகிறது. பிரிட்டனில் கிளாசிக் பிளான்ட் அண்ட் மெஷினரி. இவற்றைப் படிக்கப் பொறுமை வேண்டும், வரிசை எண், என்ஜின் மாற்றம், பெயர்ப்பலகை என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் அந்தப் பொறுமைக்குப் பலன் இருக்கிறது. உதாரணத்துக்கு டம்பர் தயாரித்த அமெரிக்க நிறுவனமான யூக்ளிட்டின் கதை. ஜெனரல் மோட்டார்ஸ் அதை 1953இல் வாங்கியது, அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் முடிவில் 1968இல் யூக்ளிட் பெயரோடு ஒரு பகுதியை வைட் நிறுவனத்துக்கு விற்றது, மீதியை டெரெக்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. இது தெரிந்தவருக்கு ஒரு பழைய படத்தில் பக்கவாட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்தாலே காலம் பிடிபட ஆரம்பிக்கும். அமெரிக்க இயந்திரத் தயாரிப்பாளர் ஆர். ஜி. லெட்டர்னோவும் அதே 1953இல் தன் மண்வாரித் தொழிலை வெஸ்டிங்ஹவுஸ் ஏர் பிரேக் நிறுவனத்துக்கு விற்று, ஐந்து வருடம் அந்தத் துறையில் இறங்குவதில்லை என்று ஒப்புக்கொண்டு, கெடு முடிந்ததும் மின்சார மோட்டார் சக்கர வண்டிகளோடு திரும்பி வந்தவர். இதையெல்லாம் சரியாகச் சொல்லும் இதழ்களைத் தூக்கிப்போட மனம் வராது.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த இயந்திரங்கள் நிலைக்காது. பிக் மஸ்கி என்ற புசைரஸ்-ஈரி நிறுவனத்தின் டிராக்லைன், அதாவது கம்பிவடத்தில் தொங்கும் பக்கெட்டை இழுத்து அள்ளும் இயந்திரம், 1969 முதல் 1991 வரை ஒஹையோவில் நிலக்கரிக்கு மேலிருந்த மண்ணை அள்ளியது, பக்கெட் மட்டும் 220 கன கெஜம். 1999இல் உடைத்துவிட்டார்கள், பக்கெட்டை மட்டும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். இல்லினாய்ஸில் ஓடிய மேரியன் 6360, 'தி கேப்டன்' என்று பெயர், 180 கன கெஜம் அள்ளும் ஷவல், 1991இல் தீப்பிடித்து அதோடு முடிந்தது. இவை ஓடிய காலத்தில் யாரோ ஒருவர் பக்கத்தில் போய் நின்று எடுத்து அச்சில் வந்த படங்கள் இல்லையென்றால் இன்று நமக்கு எதை வைத்துத் தெரியும்?

பழைய இதழ் கைக்கு வந்தால் நான் முதலில் புரட்டுவது விளம்பரங்களை. 1977இல் கேட்டர்பில்லர் டி10 டோசர் வந்தபோது, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டைத் தரையிலிருந்து மேலே தூக்கி வைத்தார்கள், செயின் முக்கோணமாகத் தெரியும். தரையின் அடி நேராக ஃபைனல் டிரைவில் (ஸ்பிராக்கெட்டைச் சுற்றவைக்கும் கியரில்) விழாது, பாகங்களைத் தனித்தனியாகக் கழற்றவும் எளிது. அந்தக் காலத்து விளம்பரங்களில் தயாரிப்பாளர் எதைப் பெருமையாகச் சொன்னார், எதைப் பற்றிப் பேசவே இல்லை என்று பார்ப்பது எனக்குக் கட்டுரைக்குச் சமம். பைண்டிங் செய்யும்போது விளம்பரப் பக்கங்களைக் கிழித்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, தயவுசெய்து செய்யாதீர்கள்.

மாடல் சேகரிப்பவர்களின் புகார் வேறு, அதில் நியாயம் இருக்கிறது. 1:50 அளவில் என்இசட்ஜி, கான்ராட் மாடல் வாங்கி அதில் ஹோஸ் பைப்பையும் ஏணியையும் திருத்திக்கொண்டிருப்பவருக்கு வேண்டியது நேர் பக்கவாட்டுப் படம். இதழ்களோ முன்மூலையிலிருந்து, தாழ்ந்த கோணத்தில், பக்கெட் பிரம்மாண்டமாகத் தெரியும்படி எடுத்த படத்தையே போடுகின்றன. போதாததற்கு இரண்டு பக்கத்துக்கும் பரப்பிவிடுவார்கள், பூமும் அதன் நுனியில் மடங்கும் ஆர்மும் சேரும் இணைப்பு ஆணி சரியாக நடு மடிப்புக்குள் போய்விடும். ஜெர்மனியின் லாஸ்டர் உண்ட் பாகர் நிஜ வண்டியையும் மாடலையும் சேர்த்துப் பேசுவதால் இந்த ஆட்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

டிஜிட்டல் சந்தா பற்றி. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கலாம், வசதிதான். ஆனால் நான் சந்தா கட்டிய ஓர் இதழ் தன் செயலியை மாற்றியபோது பழைய இதழ்கள் எல்லாம் போயின, கேட்டதற்கு ஒழுங்கான பதிலும் இல்லை. அதற்கப்புறம் முக்கியமானவற்றைத் தாளில்தான் வாங்குகிறேன். 1879இல் தொடங்கிய பிரிட்டனின் கான்ட்ராக்ட் ஜர்னலே 2009இல் நின்றுபோனது, அதனால் எந்த இதழும் என்றைக்கும் இருக்கும் என்று நம்பிப் பிரதியைச் சேர்த்து வைக்காமல் விடாதீர்கள். வீடியோ வந்த பிறகு இதழ் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. என்ஜின் சத்தத்துக்கும் வேகத்துக்கும் வீடியோவை மிஞ்ச முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வண்டியின் எடையையும் பக்கெட் அளவையும் ஒரு வருடம் கழித்துத் தேடும்போது வீடியோவில் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்க முடியாது.

கடைசியாகச் சந்தா கட்டும் முன் பார்க்கவேண்டியவை. மியூனிக்கின் பௌமா, லாஸ் வேகஸின் கோனெக்ஸ்போ, இரண்டுமே மூன்று வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சிகள். அந்த மாத இதழை வைத்து முடிவெடுக்காதீர்கள், எல்லா இதழும் அப்போது தடிமனாகத்தான் இருக்கும். ஆறேழு மாதம் கழித்து, அந்த வண்டிகள் வேலைக்குப் போன பிறகு வரும் இதழைப் புரட்டுங்கள். அப்புறம் வாசகர் கடிதங்கள். போன மாதம் படத்துக்குக் கீழே போட்ட மாடல் எண் தவறு, அது அதற்கு முந்தைய வரிசை, பின்னால் இருக்கும் கவுன்டர்வெயிட் (எதிர் எடை) வடிவத்தைப் பாருங்கள் என்று ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் எழுதியிருப்பார், ஆசிரியரும் ஆமாம் என்று திருத்தம் போட்டிருப்பார். அந்தப் பக்கம் இருக்கும் இதழுக்கு நான் யோசிக்காமல் சந்தா கட்டுவேன்.